பில் 462 ரூபாய்

கணக்கு சுலபமானதுதான். பில் 462 ரூபாய். 500 ரூபாய்க்கு வாங்கினால் கூப்பனுக்கு 50 ரூபாய் தள்ளுபடி. அந்த அம்மா இன்னும் 38 ரூபாய்க்கு எதையாவது எடுத்துக் கூடையில் போட்டிருந்தால் 450 கொடுத்தால் போதும். சாமானும் கூடுதலாகக் கிடைக்கும், கையிலும் 12 ரூபாய் மிஞ்சும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடுகிற கணக்கு. அவர் 462 ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இது நடந்தது மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துக் கடையொன்றில், ஒரு மாதக் கடைசியில். வரிசையில் நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். உப்பளத்துக்குப் போகிறவர். பாத வெடிப்புகளைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் ரேஷன் கார்டு, அதன் பின்னால் நான்காக மடித்த கூப்பன். மடிப்புகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. ஓரம் எங்கும் கிழியவில்லை, மஞ்சள் கறை ஒட்டவில்லை.

பில் போடும் பெண், “அக்கா, இன்னும் முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஏதாச்சும் எடுங்க, அம்பது ரூபா கழியும்” என்றாள். அவர் அலமாரிகளை ஒருமுறை பார்த்தார். “தூள் உப்பு ரெண்டு பாக்கெட் போட்டுடவா?” என்று அந்தப் பெண்ணே பக்கத்து அடுக்கைக் காட்டினாள். “உப்பா?” என்று கேட்டுச் சிரித்தார் அந்த அம்மா. என் கையில் 40 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. “இதை உங்க பில்லுல சேத்துக்குங்கம்மா, காசு நான் குடுத்துடுறேன்” என்றேன். “வேணாங்க சார். அது ஒங்க சாமான்.” அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவர் செய்த காரியம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. கூப்பனைப் பழைய மடிப்பிலேயே மடித்து, விரல் நகத்தால் ஓரத்தை நீவி, கார்டுக்குப் பின்னால் திரும்பவும் செருகினார். அந்தக் கூப்பனுக்கு அன்றுதான் கடைசி நாள். தேதி பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பில் போட்ட பெண்ணும் அதைச் சொன்னாள்.

செல்லாத காகிதத்தை எதற்காக அவ்வளவு பதமாக மடிக்கவேண்டும்?

எங்கள் வீட்டில் கூப்பன் சேர்த்தது அம்மா. தேயிலை பாக்கெட்டுக்குள் தபால்தலை அளவில் ஒரு சீட்டு வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் எவர்சில்வர் டம்ளர் தருவார்கள். அதற்காகவே அம்மா வழக்கமான தூளை விட்டுவிட்டு இதற்கு மாறினார். டீயில் நிறம் இருக்கும், ருசி இருக்காது. “தூளைப் போடுறியா, கூப்பனைக் கொதிக்க வைக்கிறியா?” என்று அப்பா கேட்பார். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். சீட்டுகள் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், வேறொரு சின்ன டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் டம்ளர் வந்தது. விளிம்புக்குக் கீழே கம்பெனி பெயர் பொறித்திருந்தது. அதில் நாங்கள் யாரும் குடித்ததில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும்.

பாத்திரக்கடையில் சில ரூபாய்க்கு அதே டம்ளர் கிடைத்திருக்கும். அத்தனை மாதம் நல்ல டீயை விட்டுக்கொடுத்ததற்கு விலை போட்டால் நஷ்டம்தான் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரக்கடையில் வாங்கவேண்டுமானால் அப்பாவிடம் காசு கேட்கவேண்டும், எதற்கு என்று சொல்லவேண்டும் என்பது பிற்பாடுதான் உறைத்தது. கூப்பனுக்கு யாரிடமும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்த ஒரே பணம் அந்தச் சின்ன டப்பாவில்தான் இருந்ததோ என்னவோ.

இந்தக் கடற்கரைக்கும் கூப்பனுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கடலூர் இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்பதில் முன்னோடியான சின்னி கிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அவருடைய சிக் ஷாம்பூவுக்கு ஒரு திட்டம் வைத்தார்: காலி சாஷேக்களைக் கடையில் கொடுத்தால் புது சாஷே ஒன்று இலவசம். முதலில் எந்தக் கம்பெனியின் காலி உறையும் செல்லும் என்றார்கள். ஊரே பொறுக்கியது. பழக்கம் பிடித்த பிறகு, சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவுக்குமேல் வாங்கு என்ற வாசல்படி அதில் இல்லை. தெருவில் கிடக்கிற உறைகூட செல்லும். அன்றாடம் கையில் சில்லறை வைத்துக்கொண்டு வாழ்கிறவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. 500 ரூபாய் கூப்பன் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போட்டது. ஒரே நாளில் 500 ரூபாய்க்கு மளிகை வாங்க முடிந்தவருக்குத்தான் அந்த 50 ரூபாய். முடியாதவர் முழு விலை கொடுக்கவேண்டும். இதை நியாயம் என்று என்னால் சொல்லமுடியவில்லை. அநியாயம் என்று சொல்லிக் கடையை மூடச் சொல்லவும் மாட்டேன். நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

இதற்கு மாற்றாக அந்தக் காலத்து அண்ணாச்சி கடையைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் பட்டியலோடு போகும் பையனுக்குக் கொஞ்சம் பொட்டுக்கடலை, அம்மாவுக்குக் கொசுறாகக் கறிவேப்பிலை. எனக்கும் நினைவிருக்கிறது. கூடவே, நோட்டில் கடன் எழுதுகிற வீட்டுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று இருந்ததும் நினைவிருக்கிறது.

இரண்டிலும் சேராத வேறொரு வழியும் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மேலே இவ்வளவு வாங்கினால்தான் என்ற நிபந்தனை கிடையாது. வாங்கி முடித்ததற்குப் பிறகு வருகிற பங்கு அது. திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த மரபில் வந்ததுதான். நம் ரேஷன் கடைகளில் பலவும் இன்றைக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கையில்தான் இருக்கின்றன. அந்த அம்மா கூப்பனை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் அவருக்கு ஒரே வகைதானோ? 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடக்கும்போது உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது எங்கள் உப்பளங்கள் கடலா நிலமா என்று தெரியாமல் கிடந்தன. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அறிவித்த 2,000 ரூபாயும் ரேஷன் கார்டைக் காட்டித்தான். இதையெல்லாம் வாங்கிக்கொள்ள அவர் தயங்கியிருக்கமாட்டார், தயங்கவும் வேண்டியதில்லை. அந்தக் கார்டில் அவர் பெயர் இருக்கிறது. என் பிஸ்கட் பாக்கெட்டில் இல்லை. “அது ஒங்க சாமான்” என்றதற்கு அர்த்தம் அதுதானா?

அப்படியானால் சீட்டு கொடுத்தவர் யார் என்பதும் முக்கியம். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது கும்பகோணத்தில் வாக்காளர்களிடம் டோக்கன் கொடுத்து, இன்ன மளிகைக் கடைக்குப் போய் 2,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் ஜனங்கள் டோக்கனோடு கடை வாசலில் நின்றார்கள். கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அறிவிப்பு எழுதி ஒட்டவேண்டியதாயிற்று. படித்தபோது சிரிப்பு வந்தது. டோக்கனைப் பத்திரமாக வைத்திருந்தவர்களை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மனம் எங்கெங்கோ போகிறது. கல்லூரியில் அரைகுறையாகப் படித்த அகநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தி உப்பைக் கூவி விற்றுக்கொண்டு போவாள். அளவுக்கு அளவு மாற்றலாம் என்பது அவள் விலை: ஒரு படி நெல் கொடுத்தால் ஒரு படி உப்பு. அந்தக் கணக்கைப் போட்டவள் அவளே, சொல்பவளும் அவளே. இன்றைக்கு மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்குமேல் உப்பளம் இருக்கிறது. சாலையோரம் குவித்துக் கீற்று மூடி வைத்திருக்கிற உப்பைக் காரில் போகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். விலையை மட்டும் வருகிற வியாபாரிதான் சொல்கிறார். அதே உப்பு எங்கோ போய்த் தூளாகி, அயோடின் சேர்ந்து, பாக்கெட்டில் ஏறி வந்து பில் கவுண்டருக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது. “உப்பா?” என்ற சிரிப்பில் இவ்வளவும் இருந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டில் பானை நிறைய உப்பு இருக்கிறவர் சிரித்த சிரிப்பு, அவ்வளவே என்று விடுவதும் நேர்மை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம் ‘இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், உனக்கும் கிடைக்கும்’ என்று சொல்வது. தமிழின் பழைய சலுகை அறிவிப்பு ஒன்று எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்கிறது. அதிலும் குறைந்தபட்சத் தொகை எதுவும் போடவில்லை. கொடுப்பவன் கொடுக்கிறான், வாங்குபவன் தலை நிமிர்ந்து வாங்குகிறான். நான் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினபோது என் முகத்தில் அந்தப் பாட்டின் வள்ளலான நல்லியக்கோடன் களை ஏதாவது தெரிந்துவிட்டதோ என்றும் யோசித்தேன்.

கூப்பனுக்கே திரும்புகிறேன். அமெரிக்காவில் 1880களின் கடைசியிலேயே கோகோ கோலாவுக்கு இலவசச் சீட்டு விநியோகித்தார்கள். அங்கத்திய கூப்பன்களின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இதன் ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு. சட்டத்துக்காகப் போடுகிற வரி. கடைக்குள் பொருளோடு சேர்ந்தால் ஒரு டாலர், தனியாக நின்றால் ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் கூப்பனில் அந்த வரிகூட கிடையாது. அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு அது வெறும் காகிதம். இது அவருக்குத் தெரியாது என்று நினைத்தால் அது என் திமிர். அவ்வளவு நேராக மடித்து வைத்திருந்தவர் தேதியைப் படிக்காமலா இருந்திருப்பார், அல்லது படிக்கச் சொல்லிக் கேட்காமலா இருந்திருப்பார்?

நான் கட்டிவைத்திருக்கும் விளக்கம் இது. அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே என்ன வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டு வந்தார். 500 வந்தால் கூப்பன், வராவிட்டால் இல்லை. கடை சொல்லி ஒரு சாமான் எடுப்பது அவர் பட்டியலில் இல்லை, 12 ரூபாய் மிஞ்சினாலும்கூட. இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. உழைக்கிற ஏழையைக் கண்டால் அவரிடமிருந்து ஒரு தத்துவத்தைக் கறந்துவிடப் பார்ப்பது எழுதுகிறவர்களின் வியாதி. இதே காரியத்தை நகரத்து அதிகாரி ஒருவர் செய்திருந்தால் கணக்கு தெரியாதவர் என்று நினைத்து மறந்திருப்பேன்.

இதற்கு நடுவே வெளியில் திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்தது. அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு வேகமாகத்தான் போனார். பஸ்ஸை விடக்கூடாது என்ற அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், மேலே எழுதியதில் பாதி கழன்று விழுந்துவிடும். ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் நகத்தால் ஓரம் நீவி மடிப்பாரா? கை பழக்கத்தில் தானாகச் செய்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊர் சின்னது, எப்போதாவது எதிர்ப்படுவார். அப்போதும் ஏன் வாங்கவில்லை என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.