வாராக் கடன்

உங்களால் மன்னிக்க முடியுமா?

பஸ்ஸில் காலை மிதித்தவரைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்த சித்தப்பாவையும் இல்லை. (அவரைத்தான் நாம் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டோம் என்பது வேறு விஷயம்!) உங்கள் வாழ்க்கையையே பறித்துக்கொண்டு போனவனைக் கேட்கிறேன்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை ஞாபகம் இருக்கிறதா? கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஆஸ்திரேலிய மிஷனரி. அன்றைய ஒரிஸாவின் பாரிபதாவில் 30 வருஷத்துக்கும் மேலாகத் தொழுநோயாளிகளோடு இருந்தவர். 1999 ஜனவரி 22. ஊட்டிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்திருந்த இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மனோகர்பூர் கிராமத்துக்குப் போயிருந்தார். பிலிப்புக்கு வயது 10. திமோத்திக்கு 6. ராத்திரி மூவரும் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார்கள். ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் கருகிப் போனார்கள்.

கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் கிளாடிஸ்.

நாடே அசந்துபோனது. உடனே நாம் என்ன செய்தோம்? அவரைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டோம். ‘அவங்க தெய்வப் பிறவி சார், நம்மளால முடியுமா?’ இப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம், பாருங்கள். ஆனால், வாத்வா விசாரணைக் கமிஷன் முன் கொடுத்த வாக்குமூலத்தில் அவர் வேறு ஒன்றும் சொல்லியிருக்கிறார். கடவுள் எப்போதும் தன்னோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, கூடவே, கிரஹாம் ஏன் கொல்லப்பட்டார் என்று சில சமயம் யோசிப்பதுண்டு என்கிறார். அந்த ‘ஏன்’ அவரை விட்டுப் போகவில்லை. விசுவாசம் இருந்தால் கேள்வியே வராது என்று யார் சொன்னது? பைபிளில் யோபு பக்கம் பக்கமாகக் கடவுளிடம் நியாயம் கேட்கிறார். தன்னை ஏன் கைவிட்டதாகச் சிலுவையில் இயேசுவே கேட்டார்.

அடுத்த சந்தேகம். மன்னித்தாகிவிட்டது, அப்புறம் கோர்ட், கேஸ் எல்லாம் எதற்கு?

பி.காம். படித்தவனுக்கு எதுவுமே கணக்காகச் சொன்னால்தான் புரியும். வங்கியில் வாராக் கடனை ‘ரைட் ஆஃப்’ செய்வார்கள். வாங்கியவன் தப்பித்துவிட்டான் என்று நாம் டீக்கடையில் பொங்குவோம். அது தள்ளுபடி இல்லை ஸ்வாமி! வங்கி தன் புத்தகத்திலிருந்து அந்தச் சுமையை இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வாங்கியவன் பொறுப்பு அப்படியே நிற்கும். வசூல் நடவடிக்கையும் தொடரும்.

கிளாடிஸ் செய்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மன்னிப்பு வேறு, சட்டம் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. 2003-ல் தாரா சிங்குக்குத் தூக்கு. 2005-ல் ஒரிஸா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இந்த 12 வருஷமும் தீர்ப்புக்காகக் காத்திருந்து, அதற்கப்புறம்தான் வாழ ஆரம்பிப்பேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால்? அந்தக் கும்பல் திருப்பிக் கொடுக்கக்கூடியது என்று உலகத்தில் ஒன்றாவது உண்டா?

அந்த பலம் ஒரே ராத்திரியில் வந்திருக்காது. பரமண்டல ஜெபத்தில் ஓர் இடம் உண்டு. மற்றவர்களை நாம் மன்னிப்பதைச் சொல்லித்தான் நமக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் தினமும் சொல்வதுதான். பலருக்கு அது வாய்ப்பாடு மாதிரி உதட்டோடு போய்விடும். சின்னச் சின்னக் கோபங்களில் அதை நிஜமாகவே பழகிப் பார்த்தவருக்கு, தலையில் இடி விழும் நாளில் அது கைகொடுக்கிறது.

ஒன்று மட்டும். இதைப் படித்துவிட்டு, புருஷனிடம் அடி வாங்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் ‘மன்னிச்சுடும்மா’ என்று உபதேசம் பண்ணிவிடாதீர்கள். அடுத்தவர் கடனை ரைட் ஆஃப் செய்ய நமக்கு அதிகாரம் கிடையாது. கிளாடிஸிடம் யாரும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவராகக் கொடுத்தது அது.

மகள் எஸ்தரோடு அவர் உடனே ஊர் திரும்பிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். யார் தப்புச் சொல்ல முடியும்? ஆனால், பாரிபதாவில் அந்தத் தொழுநோயாளிகள் இருந்தார்களே. 2004-ல்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அதற்குள் அங்கே கணவர் பெயரில் ஒரு மருத்துவமனையைத் திறந்தாகிவிட்டது.