நண்பரின் இலையும் நம் அமானிதமும்

வாணிபம் செய்வோருக்கு விருந்து என்பது ஆடம்பரமன்று; அன்றாட அலுவல்களுள் அதுவும் ஒன்று. சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி, நம் கணக்கைத் தணிக்கை செய்பவர், பக்கத்துக் கடைக்காரர், பிள்ளைகளின் ஆசிரியர் என்று எத்தனையோ பேருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். அவர்கள் அனைவரும் நம் ஆட்டுக்கறியையும் கோழிப் பிரியாணியையும் உண்பவர்கள் அல்லர். சைவ உணவைத் தவிர வேறெதையும் தொடாதவர் ஒருவர். முதலாம் பிறையிலும் பதினைந்தாம் பிறையிலும் புலால் விலக்கும் பௌத்தச் சீனர் ஒருவர். வெங்காயம், உருளைக்கிழங்கு போன்று மண்ணுக்குள் விளைவதையும் தவிர்க்கும் குஜராத்திச் சமண வணிகர் ஒருவர். இவர்களோடு இப்போது நம் பிள்ளைகளின் தோழர்களுள் புதிதாக ஒரு சாராரும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் தம்மை ‘வீகன்’ என்று சொல்லிக் கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட நண்பரைச் சாப்பிட அழைத்துவிட்டோம். எந்தக் கடைக்கு அழைத்துச் செல்வது? கேள்வி சிறியது. ஆயினும் அதனுள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. விருந்தாளியை மதிப்பது என்பது யாது? நம்மிடம் உள்ளவற்றுள் சிறந்ததை அவர் முன் வைப்பதா? அன்றி, அவர் முன் வைத்தது இன்னதென்று உண்மையைச் சொல்வதா? இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும் எனில் எது முந்தியது என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

வீகன் என்போர் யார்?

1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். புலால் உண்ணாமை மட்டும் போதாது, உயிரினங்களிடமிருந்து பெறும் எதையுமே உண்ணலாகாது என்பது அவர்கள் கொள்கை. அந்தச் சங்கத்துக்கு வைத்த பெயரே இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் அனைத்தும் அவர்களுக்கு விலக்கு. நம் ஊர்ச் சைவருக்கோ பாலும் நெய்யும் மங்கலமான உணவுகள். ஆகவே ‘சைவக் கடை’ என்ற பலகையைக் கண்டதும் இந்த நண்பரின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எண்ணலாகாது.

சிராங்கூன் சாலைப் பக்கம் இதற்கு நல்ல சான்று. 1924 முதல் நடக்கும் ஆனந்த பவனும், 1947இல் தோன்றிய கோமள விலாஸும் சிங்கப்பூரில் சைவ உணவுக்குப் பேர் பெற்றவை. இத்தகைய கடையில் இட்டலி, எண்ணெயில் வார்த்த தோசை, உளுந்து வடை, காய்ப் பொரியல் என வீகன் நண்பர் பசியாற எத்தனையோ உண்டு. ஆயினும் தோசை நெய்யில் வார்த்ததா என்று கேட்க வேண்டும். சாம்பாரிலும் பொங்கலிலும் நெய் விட்டார்களா என்று கேட்க வேண்டும். மைசூர்பாகும் கேசரியும் நெய்யின்றி அமைவது அரிது. பாயசம் பாலால் ஆனது. வாழையிலைச் சாப்பாட்டில் தயிரையும் நெய்யையும் பாயசத்தையும் முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லிவிட்டால், எஞ்சிய சோறும் குழம்பும் ரசமும் கறிகாயும் நிறைவான உணவுதான்.

கண்ணுக்குத் தெரியாதவை

சைவக் கடையிலேயே இத்தனை கேள்வி என்றால் மற்றக் கடைகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. நம் சமுதாயத்தார் நடத்தும் கடைகளையே எடுத்துக்கொள்வோம். தால்ச்சாவைப் பார்த்தால் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் தெரியும். அதன் சுவைக்குக் காரணம் அடியில் கிடக்கும் ஆட்டெலும்பு. ரொட்டி சானாய் மாவில் நெய்யோ மார்ஜரினோ சேரும். கெட்டிப் பாலும் முட்டையும் சேர்ப்பவர்களும் உண்டு. சம்பலில் பெலாச்சான் இருக்கும். ஆகவே கங்குங் கீரையைச் சம்பல் போட்டுக் கிளறினால் அது கீரை மட்டுமன்று. ரோஜாக் சாற்றில் இறால் விழுது கலந்திருக்கும். நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப் பாலில் வெந்தது. பக்கத்தில் வைக்கும் சம்பலிலோ நெத்திலி கிடக்கும். சீனக் கடையின் காய்கறித் தட்டில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். சோயாவால் செய்த பொய் இறைச்சியிலும் முட்டை வெள்ளையோ பால் பொருளோ கலந்திருப்பதுண்டு. இவ்வளவு ஏன், நாம் நாள்தோறும் குடிக்கும் கோப்பி ஓவில் பால் இல்லைதான். ஆனால் இந்நாட்டுப் பழைய முறைப்படி கோப்பிக் கொட்டையை வறுக்கும்போதே சீனியோடு வெண்ணெயோ மார்ஜரினோ சேர்ப்பது வழக்கம்.

இவற்றையெல்லாம் நண்பரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்பவர் கண்ணால் பார்த்து அறிய முடியாதவை உணவில் பல உண்டு. சமைத்தவரும் விற்பவரும் அழைத்துச் சென்றவரும் சொன்னால்தான் அவர் அறிய முடியும். பிறர் அறிய முடியாத ஒன்று நம் வசம் இருக்கும்போது அது அமானிதம் ஆகிவிடுகிறது. விருந்தாளி நம் சொல்லை நம்பி வாயில் வைக்கிறார். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளன்றோ?

பெருமானார் காட்டிய முன்மாதிரி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை மதீனாவின் அங்காடியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் அடியில் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். வணிகர்களாகிய நாம் இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதை எடைக்கல்லோடும் துணிக்கட்டோடும் நிறுத்திக் கொள்கிறோம். குழம்பின் அடியில் கிடக்கும் எலும்பும் குவியலின் அடியில் கிடக்கும் ஈரமும் ஒன்றுதான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட நேராக நம் கேள்விக்கு விடை தருகிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பெருமானாரின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையை நீட்டியபோது அங்கிருந்த பெண்மணி ஒருவர், வைத்திருப்பது இன்னதென்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று கூறி, அது உடும்பு என்பதைத் தெரிவித்தார். பெருமானார் கையை எடுத்துக் கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, என் சமூகத்தாரின் மண்ணில் இது இல்லை, ஆதலால் என் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இந்த ஒரு விருந்தில் எத்தனை பாடங்கள்! உண்பதற்கு முன் உண்மை சொல்லப்பட்டது. விரும்பாதவர் உண்ணவில்லை, அவரை யாரும் வற்புறுத்தவில்லை. விரும்பியவர் உண்டார், அவரை யாரும் இகழவில்லை. இருவரும் ஒரே விரிப்பில் அமர்ந்திருந்தார்கள். சகனைச் சுற்றிக் கூடி உண்ணும் மரபில் வந்த நமக்கு இதைவிடச் சிறந்த விருந்து இலக்கணம் வேறு வேண்டுமா?

சில மறுப்புகள்

நம் சகோதரர்களுள் சிலர் கூறுவர்: “நாம் விலக்குவது இறைவன் விலக்கியதை. இவர்கள் விலக்குவது தம் மனத்துக்குத் தோன்றியதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?” வைக்க வேண்டியதில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை மார்க்கத்தின் பெயரால் ஹராம் என்று சொல்ல ஒரு முஸ்லிமுக்கு உரிமை கிடையாது. அதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் நண்பர் நம்மிடம் தம் கொள்கைக்குத் தீர்ப்புக் கேட்கவில்லை. ‘இதில் என்ன சேர்ந்திருக்கிறது?’ என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான் உண்டு. கேட்பவரின் கொள்கை நமக்குப் பிடித்தால் உண்மை, பிடிக்காவிட்டால் பொய் என்று பதில் மாறுமானால் அது வாய்மை ஆகாது.

வேறு சிலர், “ஒரு கரண்டி எலும்புச் சாற்றால் என்ன குடி முழுகிவிடும்? அவருக்குத் தெரியவா போகிறது?” என்பர். இது ஆபத்தான பேச்சு. இதையே நம்மைப் பார்த்து வேறொருவர் சொன்னால் நம் நெஞ்சம் எப்படிக் கொதிக்கும்! பன்றிக் கொழுப்பு ஒரு சொட்டுத்தானே, மது ஒரு கரண்டிதானே, இவருக்குத் தெரியவா போகிறது என்று நம் நண்பர் ஒருவர் எண்ணி நமக்குப் பரிமாறியிருந்தால், அவரை அதன் பின்னும் நண்பர் என்போமா? அவர் தந்த சரக்கை நம்பி வாங்குவோமா?

அந்நியர் கடையில் நின்று கேள்வி கேட்பதன் சங்கடத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1968இல் அமைந்தது. 1978இல் ஹலால் சான்றிதழ் வழங்கும் பணியைத் தொடங்கியது. இன்று சுவரில் ஒட்டிய சான்றிதழைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறோம். அதற்கு முன் நம் பெரியவர்களுக்கு வாய்தான் சான்றிதழ். எந்த எண்ணெய், யார் அறுத்தது, எந்தச் சட்டி என்று கேட்டுக் கேட்டுத்தான் பசியாறினார்கள். கேட்டபோது முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். மனமுவந்து சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். இன்று கேட்பவர் இடத்தில் நம் நண்பர் நிற்கிறார். நாம் எந்தக் கூட்டத்தில் சேரப்போகிறோம்?

கடையைத் தெரிவு செய்யும் முறை

ஹலால் சான்றிதழ் ஒரு கேள்விக்கு விடை. சைவப் பலகை வேறொரு கேள்விக்கு விடை. ஒன்று மற்றொன்றாகிவிடாது. சீனர்களின் சைவக் கடையில் இறைச்சி இராது. ஆனால் சமையலில் மது சேர்ப்பதுண்டா என்று நாம் கேட்டறிய வேண்டும். ஹலால் கடையில் நமக்குத் தடையில்லை; நண்பருக்கு எலும்பும் பெலாச்சானும் தடை. இருவருக்கும் ஒத்த கடையைத் தேடுவதில் கொஞ்சம் உழைப்பு உண்டு. அந்த உழைப்பே விருந்தின் முதல் பாகம்.

முதலில் நண்பரையே கேட்க வேண்டும். அவர் எதை விலக்குகிறார், எந்த அளவுக்கு விலக்குகிறார், எந்தக் கடை அவருக்குப் பழக்கம் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. சைவரும் பௌத்தரும் சமணரும் வீகனும் விலக்குவன வெவ்வேறு என்பதால், ஊகிப்பதைவிடக் கேட்பதே பாதுகாப்பு. நம் எல்லையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மது பரிமாறும் இடத்தில் நாம் அமர்வதில்லை என்றால் நல்ல நண்பர் அதைப் புரிந்துகொள்வார்.

அடுத்து, கூட்டம் இல்லாத வேளையில் கடைக்குச் சென்றோ தொலைபேசியிலோ விசாரிக்க வேண்டும். நண்பகல் நெரிசலில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிப்பந்தியைக் கேட்டால், “எல்லாம் சைவந்தான்” என்ற பதில்தான் வரும். சமைப்பவரைக் கேட்பதே முறை. ‘இறைச்சி உண்டா?’ என்று பொதுவாகக் கேட்காமல், நெய், பால், முட்டை, நெத்திலி, பெலாச்சான், எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மீன் பொரித்த எண்ணெயிலேயே காயையும் பொரிக்கிறார்களா என்றும் கேட்கலாம். பொரிப்பார்களானால் அதை நண்பரிடம் சொல்லிவிட்டால் போதும். சொல்வது நம் கடமை. உண்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் உரிமை.

நண்பருக்கு வெறும் சோறும் அப்பளமும் வாங்கி வைத்துவிட்டு, எதிரில் நாம் பெரிய தட்டுகளைப் பரப்பிக்கொள்வது விருந்தன்று. அவர் தயக்கமின்றி உண்ணக் கூடியவை நாலைந்தாவது அமையும் கடைக்கே போக வேண்டும். ஒரு வேளை இறைச்சி இல்லாமல் உண்பதால் நம் ஈமானுக்குக் குறைவில்லை. நம் உணவு தவறென்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. நம் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் வீட்டுத் திருமணத்தில், இந்து நண்பர்களுக்கென்று சைவச் சமையற்காரரைத் தனியே அமர்த்தி, தனி அடுப்பில் சமைத்து உபசரிக்கும் வழக்கம் உண்டு. ஊரார் அதைத் தாழ்வாக எண்ணவில்லை. பெருந்தன்மை என்றே பேசினார்கள்.

உணவுக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு

நம்முள் பலர் உணவுக் கடை முதலாளிகள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தால்ச்சாவில் எலும்பு போடுவது குற்றமன்று. கேட்பவரிடம் இல்லை என்பதே குற்றம். சிப்பந்திகளுக்கு இரண்டு பதில்களைக் கற்றுக்கொடுங்கள். ஒன்று, ‘இதில் இன்னின்னது சேர்ந்திருக்கிறது.’ மற்றொன்று, ‘தெரியவில்லை, உள்ளே கேட்டு வருகிறேன்.’ மரக்கறிக்குத் தனிக் கரண்டி வையுங்கள். எலும்பு போடாமல் ஒரு பருப்புக் கறி சமைத்தால் அதற்கும் ஆள் வரும். ஒருவேளை, உண்மையைச் சொன்னதால் அன்றைக்கு ஒரு தட்டு விற்காமல் போகலாம். போனால் போகட்டும். அந்த ஒரு தட்டின் விலைக்குப் பரக்கத்தை விற்றுவிடலாகாது. உண்மை சொல்லும் கடை என்று பேர் வந்துவிட்டால் சைவரும் வருவர், வீகனும் வருவர். அவரோடு கூட வரும் நால்வரும் வருவர்.

ஆகவே நம் முதற்கேள்விக்கு விடை தெளிவு. இலையில் பத்து வகை பரிமாறி ஒன்றை மறைத்தவரைவிட, மூன்று வகை வைத்து மூன்றையும் உள்ளது உள்ளபடி சொன்னவரே விருந்தோம்பியவர். தாராளம் பணத்தால் வருவது. நம்பிக்கையோ நாவால் காக்கப்படுவது. வல்ல அல்லாஹ் நம் கைகளுக்குத் தாராளத்தையும் நம் நாவுகளுக்கு வாய்மையையும் ஒருசேரத் தந்தருள்வானாக! ஆமீன்.