பார்த்துச் செய்யுங்கோ

பாசல் நகரில் அகதி விண்ணப்பதாரர்களை விசாரிக்கும் கூட்டாட்சி மையம் ஊரின் விளிம்பில், ஜேர்மன் எல்லைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறைச்சாலை. சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். ஆனாலும் காலையில் தொடங்கும் விசாரணை சில நாட்களில் மாலை வரை இழுபடும். அடுத்த நாளும் வேலை இருந்தால் அங்கேயே தங்கிவிடுவேன். நான் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்லப்படுவதை ஜேர்மனிலும், ஜேர்மனில் கேட்கப்படுவதைத் தமிழிலும், கூட்டாமல் குறைக்காமல் சொல்வது வேலை. அறைக்குள் கேட்டது அறையோடு போகவேண்டும். ஆகவே இங்கே வரும் மனிதர்கள் யாரும் தனி ஒருவர் அல்லர். பல வருடங்களில், பல நகரங்களில் திரும்பத் திரும்பக் கண்டதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

மத்தியான இடைவேளையில் ஒரு தமிழ்க் கடையில் மீன் றோல்ஸும் தேத்தண்ணியும். கடைக்காரர் எழுபதை நெருங்குபவர். கழுத்துப்பட்டி கட்டாத, ஆனால் கோப்பு தூக்கிய தமிழன் ஒருவன் வேலை நாளில் வந்து நின்றால் அவருக்கு விளங்கிவிடும். "தம்பி மொழிபெயர்ப்புக்கோ?" என்பார். நான் சிரிப்பேன். மிச்சக் காசைத் தரும்போது குரலைத் தாழ்த்தி, "எங்கட சனம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ."

இந்த வசனத்தை எனக்கு எத்தனை பேர் எத்தனை ஊர்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. அதில் ஒரு கேள்வி இருக்கிறது, அது லேசான கேள்வியும் இல்லை: ஒரே மொழியைப் பேசுகிறோம் என்பதால் எனக்கு அவர்மேல் ஏதாவது கடமை கூடுதலாக இருக்கிறதா?

இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். வேலை விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் "உள்ளது உள்ளபடி" என்ற விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால், உள்ளது எது என்பதே முதலில் குழம்பும். ஒருவர் சொல்கிறார்: "பின்னேரம் வந்து கொண்டுபோயிட்டாங்கள்." யாழ்ப்பாணத்தில் பின்னேரம் என்றால் மூன்று மணியும் பின்னேரம், பொழுதுபடுகிற ஆறு மணியும் பின்னேரம். ஜேர்மன் மொழியில் நான் பிற்பகலா, மாலையா என்று ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். முதல் விசாரணையில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் மாலை என்றிருந்தால், நான் இன்று பிற்பகல் என்றால், காகிதத்தில் அது ஒரு முரண்பாடு. அடுத்து, கொண்டுபோனவர்கள் யார்? தமிழில் வினைமுற்றே எழுவாயைச் சுமந்துகொண்டுவிடும். பெயர் சொல்லத் தேவையில்லை, பயந்த காலத்தில் சொல்லாமல் விடுவதே பழக்கமாகவும் இருந்தது. ஜேர்மனில் "அவர்கள்" என்றால் உடனே "எவர்கள்?" என்று கேட்பார்கள். "கொண்டுபோகப்பட்டார்" என்று செயப்பாட்டுவினையில் சொன்னால் ஆள் எதையோ மறைக்கிறார் என்ற வாடை அடிக்கும். இரண்டுமே பிழையான மொழிபெயர்ப்பு இல்லை. இரண்டும் ஒன்றும் இல்லை.

"இயக்கம்" என்ற சொல்லும் அப்படி. எண்பதுகளில் அது பலதைக் குறித்தது, பிறகு ஒன்றையே குறித்தது. "மச்சான்" என்றால் மனைவியின் சகோதரனாகவும் இருக்கலாம், மாமி மகனாகவும் இருக்கலாம், கூடப் படித்தவனாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது "அண்ணா". சுவிஸ் அகதிச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, முக்கியமான விடயங்களில் முன்னுக்குப்பின் முரணாக இருப்பவற்றை நம்பகமற்றவை என்கிறது. குடும்ப விபரம் கேட்கும்போது "சகோதரம் ஒரு அக்கா மட்டும்" என்று சொன்னவர், பிறகு "அண்ணாவைச் சுட்டவங்கள்" என்கிறார். பெரியப்பாவின் மகன் அண்ணா அல்லாமல் வேறு யார்? அவருடைய வாயில் அது மிகச் சரியான சொல். கோப்பில் அது ஓட்டை.

ஆகவே நான் வெறும் குழாய் அல்ல. குழாய் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதி, அவ்வளவுதான். அப்படியானால் கடைக்காரர் சொன்னபடி, தெரிவு எப்படியும் என் நாக்கில்தான் நடக்கிறது என்றால், அதை எங்கள் சனத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் என்ன?

காண்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளேயா என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்கிறார். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுத்துவிடுகிறார். எங்கள் ஒன்றுகூடல்களில் இந்தப் பேச்சு வந்தால் வள்ளுவர்தான் வெல்வார். கொலைகாரன் வாசலில் நின்றால் நானும் அவர் கட்சிதான். (மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியைக் கொலைகாரன் ஆக்கவும் எனக்கு மனம் வராது, அவர்களில் சிலர் கேள்வியை நிறுத்தி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.) ஆனால் காண்டும் வள்ளுவரும் தன் வாயால் தன் சொல்லைச் சொல்பவனைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் தொழிலில் "நான்" என்பது நான் இல்லை. "என்னை முழங்காலில் இருத்தினார்கள்" என்று அவர் சொன்னால், நானும் தன்மையிலேயே அதைச் சொல்லவேண்டும். அந்த நானுக்குள் என் இரக்கத்தால் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால், பிறகு அது பிடிபடும்போது பொய்யர் ஆவது அவர். எனக்கு அன்றைய கூலி வரும், அவருக்கு நிராகரிப்புக் கடிதம் வரும். இன்னொருவர் வாழ்க்கையைப் பிணையாக வைத்து நான் செய்யும் தருமம் அது.

இன்னொன்றும் உண்டு, அதை எங்கள் சஞ்சிகைகளில் எழுதத் தயங்குகிறோம். கடைக்காரரின் "எங்கட" என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும்? ஒரு பெண் அறைக்குள் வந்து உட்காருகிறார். என் முதல் வசனத்திலேயே என் ஊர்ப் பேச்சு அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி பாசத்தில் வரவில்லை. நான் எந்த ஊர், எந்தச் சாதி, யாருடைய உறவு, எந்தப் பக்கம் நின்றவன், இங்கே சொல்வது கோயில் திருவிழாவுக்குள் யார் காதுக்குப் போகும் என்ற கணக்கு அதில் முழுக்க இருக்கிறது. அவருக்கு நான் "எங்கட ஆள்" என்பதுதான் பயம். நான் வேண்டியவருக்கு இனிப்பாக்கக் கூடியவன் என்றால், வேண்டாதவருக்குக் கசப்பாக்கவும் கூடியவன். என் நாக்கின் கருணையை ஏற்றுக்கொள்பவர்கள் அதன் வன்மத்துக்கும் வாசலைத் திறந்துவிடுகிறார்கள். என் ஊர்க்காரருக்கு நான் செய்யாத உதவிதான் அந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு.

அப்படியென்றால் அண்ணாவை "சகோதரன்" என்று போட்டுவிட்டு வாய்மூடி இருப்பதா? அதையும் என்னால் நேர்மை என்று சொல்ல முடியவில்லை. நான் செய்வது இது: அந்த இடத்தில் நிறுத்தி, இது என் சொல் என்று அறிவித்துவிட்டு, "தமிழில் இந்தச் சொல் உடன்பிறந்தவனையும் குறிக்கும், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளையும் குறிக்கும், கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்" என்று அதிகாரிக்குச் சொல்வேன். அதே வசனத்தை விண்ணப்பதாரருக்குத் தமிழிலும் சொல்வேன், தனக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் கதைத்தோம் என்று அவர் நினைக்கக் கூடாது. இது வரம்பு மீறல் என்று சொல்லும் சகபாடிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை: நான் வாய் திறந்ததும் அதிகாரி உசாராகிறார், விண்ணப்பதாரர் மிரள்கிறார், கேட்காமலே போயிருக்கக்கூடிய கேள்வி ஒன்று கேட்கப்படுகிறது. சில வேளை அது அவருக்குப் பாதகமாகவும் முடியும். ஆனால் தெரிவு ஒன்று நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிகிறது, அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் நான் என்பதும்.

2019 மார்ச்சிலிருந்து புதிய நடைமுறை. இலவச சட்டப் பிரதிநிதி ஒருவர் அறையிலேயே இருப்பார், கேள்வியும் கேட்கலாம். அது எனக்குப் பெரிய ஆறுதல். அவருக்குப் பக்கம் சாய்வதே தொழில். அந்த வேலையை இனி நான் களவாகச் செய்யவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கத் தேவையில்லை.

விசாரணையின் கடைசி மணித்தியாலங்கள்தான் எல்லாருக்கும் அலுப்பு. எழுதப்பட்ட பதிவு முழுவதையும் நான் திரும்பத் தமிழில் வாசித்துச் சொல்வேன், அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைப்பார். சட்டப் பிரதிநிதி மணிக்கூட்டைப் பார்ப்பார். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். அப்போதுதான் என் நான் அவரிடம் திரும்பிப் போகிறது. விருப்பமென்றால் அவர் அதைத் திருத்தலாம்.

"என் பெரியப்பாவின் மகன் சுடப்பட்டார்" என்று வாசித்தேன். தெளிவுபடுத்திய பிறகு பதிவு அப்படி மாறியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும் பெடியன், கையை உயர்த்தினான்.

"அண்ணை, அது சரி. ஆனா நான் அண்ணா எண்டுதான் சொன்னனான். அதை வெட்டிப்போட்டினமோ?"

அதை ஜேர்மனில் சொன்னேன். அதிகாரி எழுத்தாளரைப் பார்த்தார். சட்டப்படி இதனால் ஏதும் மாறாது என்றார். அதையும் தமிழில் சொன்னேன்.

"மாறாட்டிலும் போடச் சொல்லுங்கோ."

திருத்தக் குறிப்பில் எழுதினார்கள்: என் அண்ணன், பெரியப்பாவின் மகன். நான் திரும்ப வாசித்தேன். அவன் பேனையை எடுத்து அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைத்தான். அடுத்த பக்கத்துக்குப் போனோம்.