திரும்பச் சொன்ன வார்த்தை

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. போர்ட் பிளேயரில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. அது கூரையில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. எங்களுக்குப் பழகிவிட்டது. ஆட்டிசம் உள்ள என் தம்பி மகனுக்குப் பழகவில்லை. பத்து வயதுப் பையன், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி, முன்னும் பின்னும் ஆடுவான். "ஆடாதடா" என்று தோளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சத்தத்தைத் தாங்கத்தான் ஆடுகிறான் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. சத்தமும் தொடுகையும் தன்னை என்ன பாடு படுத்தின என்று டெம்பிள் கிராண்டின் 1986-லேயே தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது 2013-இல்தான். அனுபவித்தவர்கள் சொன்னதைக் கேட்க இத்தனை வருடமா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

போன வருடம் உறவில் ஒரு காதுகுத்து. பெரியவர் ஒருவர் இவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "என்னைப் பார்த்து வணக்கம் சொல்லு" என்றார். இவன் கண் ஜன்னல் கம்பியிலேயே இருந்தது. "பாவம், இவனுக்கு ஒண்ணும் புரியாது" என்று அவன் தலைக்கு மேலேயே சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் சிரித்து மழுப்பினேன்.

அன்று ராத்திரி போர்வைக்குள்ளிருந்து அதே இழுப்போடு, அதே குரலில்: "பாவம், இவனுக்கு ஒண்ணும் புரியாது." மூன்று தடவை.

கேட்டதைத் திருப்பிச் சொல்வதை வெறும் கிளிப்பேச்சு என்றுதான் பலரும் ஒதுக்கினார்கள். பேரி பிரிசன்ட், பேட்ரிக் ரைடல் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல், நாள் கழித்துத் திரும்ப வரும் இந்தப் பேச்சுக்கும் காரியம் உண்டு, பிள்ளைகள் அதைக்கொண்டு கேட்கிறார்கள், மறுக்கிறார்கள் என்று காட்டினார்கள். அன்று அவன் என்ன சொல்ல நினைத்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைப் பார்க்காமலே ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தான்.

ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதினார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது; அவர்களுக்கு நம்மைப் புரியாத மாதிரியே நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆனால் பயிற்சி என்று நாம் அனுப்புவது அவர்களை மட்டும்தான்.

இப்போதெல்லாம் நான் அவனுக்கு எதிரே உட்காருவதில்லை. பக்கத்தில் உட்காருகிறேன். இருவரும் படகுத்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசுவோம். மழை வந்தால், "விட்டுடும், அத்தை இங்கயேதான் இருக்கேன்" என்பேன்.

ஆவணியில் என் அம்மா போன மறுநாள், திண்ணையில் தனியாக இருந்தேன். அன்று மழை இல்லை. அவன் வந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தான். கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "விட்டுடும், அத்தை இங்கயேதான் இருக்கேன்."