உன் கையாலேயே திறக்கும்!

முப்பது வயதைத் தாண்டிய கார் அது. மஸ்தா எம்.எக்ஸ்-5, முதல் தலைமுறை. இரண்டே இருக்கை, தலைக்கு மேல் திறந்த வானம், தவளைக் கண்ணைப்போல் எழும்பும் முகப்பு விளக்குகள். இங்கிலாந்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கிறாய். மழை தூறுகிறது. எரிபொருள் முள் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் சிறு பெட்டியைத் திறந்து, பெட்ரோல் மூடியின் லீவரை இழுக்கிறாய். காரின் இடப்பக்கப் பின்புறத்தில் இருக்கும் அந்தத் தகட்டுக் கதவு அசையவில்லை. மறுபடியும் இழுக்கிறாய். ஊஹூம்! பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

நீ யார் என்பது இந்த நொடியில்தான் தெரியும்.

ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, லீவரே கையோடு வரும் அளவுக்கு இழுப்பார். இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரைச் சொருகி நெம்புவார். மூடியும் வளையும், சுற்றியிருக்கும் பெயிண்டும் உதிரும். மூன்றாமவர் "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்" என்று கைவிட்டுவிடுவார். மூவருக்கும் நோய் ஒன்றுதான். தன் கண்ணையும் காதையும் விரல் நுனியையும் அவர்கள் நம்பவில்லை! ஓங்கி இழுக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருடைய பதற்றம் பலம்போல வேடம் போட்டிருக்கிறது.

இந்தக் காரை உருவாக்கிய ஜப்பானியப் பொறியாளர்கள் ஒரு சொல்லை நெஞ்சில் வைத்து உழைத்தார்கள்: 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடல் என்று பொருள். குதிரை நின்றுவிட்டால் நல்ல வீரர் சாட்டையைத் தேடுவாரா? இறங்குவார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். தம்பியே, தங்கையே, நீயும் இறங்கு! குளம்பைப் பார்!

லீவரைக் கேள்

அந்த மூடிக்குப் பின்னால் மாயம் எதுவும் இல்லை. லீவரிலிருந்து புறப்பட்டு உறைக்குள் ஓடும் ஒரு கேபிள். அதன் நுனியில், மூடியைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு முள். பிடி விட்டதும் மூடியை வெளியே தள்ளும் ஒரு ஸ்பிரிங். கேபிள் இழுக்கும், முள் பின்வாங்கும், ஸ்பிரிங் தள்ளும். இவ்வளவுதான்! இந்த மூன்றில் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை. எது என்பதை லீவரே உனக்குச் சொல்லும். மெதுவாக இழுத்துக் கவனி.

லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று வருகிறதா? கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது நுனியிலிருந்து கழன்றிருக்கிறது. இனி நீ ஆயிரம் முறை இழுத்தாலும் மூடிக்குச் செய்தி போகாது. சாவி போட்டு டிக்கியைத் திற. இடப்பக்க உள்மறைப்பை விலக்கு. பெட்ரோல் குழாய்க்கு அருகே கையை நுழைத்தால் கேபிள் வந்து சேரும் இடம் விரலில் தட்டுப்படும். அங்கே முள்ளைப் பிளேயரால் பிடித்துப் பின்னுக்கு இழு. முன்வாசல் திறக்காத வீடு கொல்லைப்புறமாகத் திறக்கும்!

லீவர் இறுகிப்போய் அசையவே மறுக்கிறதா? உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. குளிர்காலத்தில் பனியை உருக்க இங்கிலாந்துச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்னும். இங்கே முரட்டுத்தனம் காட்டினால் கேபிள் அறுந்துபோகும். துருவை இளக்கும் எண்ணெயை இரு முனையிலும் விடு. ஓர் இரவு ஊறட்டும். காலையில் சிறிது முன்னே, சிறிது பின்னே என்று அசைத்துக்கொண்டே இரு. நெருப்பையோ தீப்பொறி பறக்கும் கருவியையோ கிட்டேகூடக் கொண்டுவராதே. உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. துணிச்சலுக்கும் மடத்தனத்துக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை அறிந்தவருக்கே வீரர் என்ற பெயர் பொருந்தும்.

லீவர் ஒழுங்காக வருகிறது, 'டிக்' என்ற சத்தமும் கேட்கிறது, ஆனால் மூடி மட்டும் எழவில்லையா? மகிழ்ச்சிகொள்! கேபிளும் முள்ளும் நலம். தள்ளிவிடும் ஸ்பிரிங் மட்டும் களைத்துவிட்டது, அல்லது விளிம்பில் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயதான எம்.எக்ஸ்-5 கார்களில் அடிக்கடி நடப்பது இதுதான். பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடு. அவர் லீவரை இழுத்தபடியே பிடித்திருக்கட்டும். நீ மூடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடு. ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் நுழைத்துத் தூக்கு. பூப்போலத் திறக்கும்!

உன் வாழ்க்கையில் எது சிக்கியிருக்கிறது?

இப்போது நெஞ்சில் கைவைத்துச் சொல். நான்கு முறை எழுதியும் தேறாத தேர்வு, நகராத தொழில், வராத வேலை... உன்னுடைய மூடி எது? அதன்முன் நின்று என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அதே லீவரை, அதே வேகத்தில், அதே கோபத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறாயா?

நிறுத்து! கேள்!

உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே கேபிள் அறுந்திருக்கிறதா? இரவு பகலாகப் படிக்கிறாய். ஆனால் படிப்பது ஒன்று, தேர்வில் கேட்பது வேறொன்று. அப்படியானால் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்து என்ன பயன்? டிக்கியைத் திற, பின்பக்கமாகப் போ, பழைய வினாத்தாள்களிலிருந்து தொடங்கு. இல்லை, பல ஆண்டுகள் தொடாமல் விட்டதில் துரு ஏறியிருக்கிறதா? ஒரே நாளில் பிடுங்கப் பார்க்காதே. எண்ணெய் விடு. நாளுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஓர் அசைவு. துருவுக்கே அவ்வளவு பொறுமை இருந்ததென்றால் உனக்கு இருக்கக் கூடாதா? இல்லை, திறமையும் பயிற்சியும் இருந்தும் எழுந்து நிற்கும் உந்துதல் மட்டும் ஓய்ந்துவிட்டதா? கூப்பிடு ஒரு கையை! உதவி கேட்பது இழிவு என்று உனக்கு யார் சொன்னது? ஒருவர் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் மூடியைத் தூக்க வேண்டிய வேலையும் உலகத்தில் உண்டு.

மூடியது என்றார்கள், திறந்தார்கள்

இந்தக் காரின் வரலாற்றையே பார். 1980 அக்டோபரில் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையிலிருந்து கடைசி எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வெளியே வந்தது. ஆலையும் மூடப்பட்டது. அதே வகைக் காரான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரின் தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றுபோனது. எளிய, எடை குறைந்த, திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வாசலே அடைபட்டதுபோல் இருந்தது. ஆனால் பாப் ஹால் என்ற அமெரிக்க இதழாளர், மஸ்தாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் 1979-லேயே அப்படி ஒரு காரைச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், பின்பு அதே நிறுவனத்தில் சேர்ந்து உழைத்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 திரை விலக்கி நின்றது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் உருண்டு வந்தது.

அது எந்த ஊரிலிருந்து வந்தது தெரியுமா? ஹிரோஷிமா! 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்த ஊர். அந்தச் சாம்பலுக்கு நடுவே, அதே ஆண்டு டிசம்பரில், இந்த நிறுவனம் மீண்டும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. நான்கே மாதம்! ஊரே எரிந்த பிறகும் அந்தக் கைகள் ஸ்பேனரைத் தேடி எடுத்தன. ஒரு தேர்வில் தோற்ற உன் கை ஏன் மடியில் கிடக்கிறது?

எழு!

மூடி திறந்துவிட்டதா? அதோடு போய்விடாதே. கீல்களைத் தூரிகையால் துடை. ஓய்ந்த ஸ்பிரிங்கை மாற்று. முள்ளில் கொஞ்சம் கிரீஸ் தடவு. துருப்பிடித்த கேபிளுக்குப் பதிலாகப் புதுக் கேபிள் போடு. பத்து முறை திறந்து மூடிப் பார். வென்ற பிறகு செய்யும் இந்தப் பத்து நிமிட வேலைதான் அடுத்த மழைநாளில் உன்னைக் காப்பாற்றும்.

அப்புறம் பெட்ரோல் போடு. கூரையை மடக்கு. அடுத்த முறை ஏதாவது ஒரு கதவு உன் முன்னால் இறுகி நிற்கும்போது, உன் விரல்களுக்கு இந்த நாள் நினைவுக்கு வரும். மனிதக் கை செய்த எந்தப் பூட்டையும் மனிதக் கை திறக்கும் என்று அவை அறிந்திருக்கும். லீவரைப் பிடி. மெதுவாக இழு. காது கொடுத்துக் கேள்.

அந்த 'டிக்' உனக்காகத்தான் காத்திருக்கிறது!