எழுப்பாதே, இடம் கொடு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் பஸ் பொம்மையார்பாளையத்தில் நிற்கிறது. இடுப்பில் குழந்தையுடன் ஒரு தாய் ஏறுகிறாள். இருக்கைகள் நிறைந்துவிட்டன. "முதலில் ஏறியவன் நான், இடம் என் உரிமை" என்று அமர்ந்திருப்பவர் எண்ணுகிறார். அது சரியா?

ஒருவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் மற்றவர் அமரலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஆகவே உரிமை அவருடையதே. ஆனால் அதே ஹதீஸ், நகர்ந்து இடமளிக்கவும் ஏவுகிறது. சபையில் இடம் கொடுப்போருக்கு அல்லாஹ் விசாலமளிப்பதாகத் திருமறையும் (58:11) வாக்களிக்கிறது.

நிற்பவருக்குரிய பாடம், எழுப்பாதே என்பது. அமர்ந்தவருக்குரிய பாடம், இடம் கொடு என்பது. நாமோ பாடத்தை மாற்றி ஓதுகிறோம். நிற்கும்போது பிறர் கடமையையும், அமர்ந்தபின் நம் உரிமையையும் நினைக்கிறோம்!

2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "இலவசப் பயணந்தானே, நிற்கட்டும்" என்பார் உளர். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்ததால் இரக்கத்திலிருந்து விடுதலை கிடைத்துவிடுமா?

எழ இயலாத முதியவரா? குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளட்டும். அதுவும் இடமளித்தலே. வல்ல நாயன் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக!