வெக்கை போகும் இடம்

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்துக்கு கேசட் ஏ.சி. வாங்கப் போட்ட மூவர் குழுவில் நானும் இருந்தேன். பெண் ஒருத்தி இருக்கட்டும் என்று சேர்த்திருப்பார்கள். விலைப்புள்ளிகளைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கூடம் அது. விருதுநகர்ச் சித்திரையில் அங்கே உட்கார்ந்தவர் யாரும் ஏ.சி.யை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்.

கான்கிரீட்டில் நான்கு துளை போட்டு, ஆங்கர் போல்ட் இறக்கி, நான்கு கம்பிகளில் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். சாய்ந்தால் தண்ணீர் தலையில் சொட்டும். அந்தத் தண்ணீரை மேலேற்றி வெளியே தள்ள உள்ளுக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப். பிறகு ஃபால்ஸ் சீலிங் வந்து எல்லாவற்றையும் மூடியது. கீழேயிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். கம்பியும் குழாயும் கண்ணில் படாது. நல்ல குடும்பம் என்று பெயரெடுத்த சில வீடுகள் நினைவுக்கு வந்தன.

ஓட்டிக் காட்டியவர் 18இல் வைத்தார். அரை மணி நேரத்தில் மாணவிகள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அலுவலகங்களின் குளிரளவுக்கு அடிப்படையான கணக்கு 1960களில் உருவானது. அதில் உடல்சூட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவு 40 வயது, 70 கிலோ ஆணுடையது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பின் வராந்தாவில் வைத்தார்கள். துப்புரவு வேலை செய்யும் பெண்கள் மதியம் தூக்குவாளியைத் திறக்கும் இடம் அது.

"உள்ள குளுகுளுன்னு இருக்காம்ல டீச்சரம்மா? அம்புட்டு வெக்கையும் இங்கதான் வருது" என்றார் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. சரியாகச் சொன்னார். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெக்கையை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, தான் தின்ற கரண்டின் சூட்டையும் சேர்த்து.

அந்தக் கூடத்தில் நடந்த முதல் கூட்டம் பட்டாசுத் தொழிலில் பெண்கள் பற்றியது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையோடு பேச்சைத் தொடங்கினேன். மழை பொய்த்த மண், ஈரமில்லாத காற்று. மருந்து நமத்துப்போகாது, காகிதம் சீக்கிரம் காயும். நம்மை வாட்டும் வெயில்தான் இந்தத் தொழிலுக்கு முதல். அதே வெயில்தான் மருந்து அறையில் எமனும். முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5. அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12. சொல்லும்போது எனக்கு முதுகு சில்லிட்டிருந்தது, பேச்சினால் அல்ல.

எல்லோருக்கும் ஏ.சி. கிடைப்பதுதான் நீதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மருந்து அறையில் அது செல்லாது. ஒரு பொறி போதும் என்பதால் அங்கே மின்விசிறிகூடக் கிடையாது, இருக்கவும் கூடாது. அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பவளுக்கு நாம் பட்ட கடன் என்ன?

இதை நான் கேள்வியாகவே விட்டுவிட்டேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். சாத்தூர்ப் பக்கம். அம்மா வெடி ஆபீஸில் வேலை பார்க்கிறார்.

"ஏ.சி. எல்லாம் வேண்டாம் மேடம். எண்ணிக்கைக்குக் கூலிங்கிறத நிறுத்திட்டு நாள் கூலி குடுத்தாப் போதும். வெயில் ஏறுனதும் எங்கம்மா எந்திரிச்சு வந்துரும்."

இருபது வருடம் படித்ததில் இந்த விடை எனக்குக் கிடைத்ததில்லை. எண்ணிக்கைக் கூலிதான் கையை விரட்டுகிறது. வெயில் ஏறிய பிறகும் இன்னும் ஒரு குரோஸ் முடித்துவிடலாம் என்று உட்கார வைப்பதும் அதுதான்.

அவுட்டோர் யூனிட்டை மாடிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். செம்புக் குழாய் கூடுதலாக வேண்டும், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பெண்கள் இப்போது சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் சாப்பிடுகிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை கூடத்தில் கவியரங்கம். தலைமை நான்.